கழுத்து நரம்பில் மின்தூண்டல் வைத்தால் வலிப்பு நின்றுவிடுமா?

28 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை முதலில் தருகிறேன்.

பதினான்கு வயதில் அவருக்கு வலிப்பு ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சை நோக்கி ஏறுவது போல இருக்கும். கூடவே காரணமில்லாத ஒரு பயம். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் போல என்ன நடந்தது என்பதே தெரியாது. அந்த நேரத்தில் அவர் வாயைச் சப்புக்கொட்டுவதாகவும், இடது கை எதையாவது திருகிக்கொண்டே இருக்க வலது கை மட்டும் விறைத்துக்கொள்வதாகவும் கணவர் சொல்கிறார். நினைவு திரும்பிய பிறகும் சில நிமிடங்களுக்குப் பேச்சு சரியாக வராது. எதிரில் நிற்கும் மாணவியை நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் வாயில் வராது. மாதத்துக்கு ஆறேழு முறை இப்படி. முதலில் கார்பமசெபின் போதிய அளவில் பல வருடம் எடுத்தும் நிற்கவில்லை. இப்போது லெவிடிராசெட்டம், லக்கோசமைடு, க்ளோபசாம் மூன்றும் ஓடுகின்றன. எட்டு வருடத்துக்கு முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 'நார்மல்'. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, "தலையைத் திறப்பார்கள் என்றதுமே எழுந்து வந்துவிட்டேன்" என்கிறார். இப்போதைய மருத்துவர் கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை, அதாவது வி.என்.எஸ்.ஸை, பொருத்தலாம் என்கிறார்.

அவர் கேட்பவை இவை: இது மூளைக்கு ஷாக் கொடுப்பதுதானா? நெஞ்சில் வைப்பதால் இதயம் நின்றுவிடாதா? வைத்தபின் மாத்திரைகளை விட்டுவிடலாமா? குரல் போய்விடும் என்கிறார்களே, நான் எப்படிப் பாடம் எடுப்பேன்? ஓரிரு வருடத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம், அதற்குத் தடையா? பிடிக்காமல் போனால் எடுத்துவிட முடியுமா?

கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு போல ஒரு வரி: கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை தூக்கத்தில் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்திருக்கிறது, காலையில் நாக்கு கடிபட்டிருந்தது, வேலைக்குப் பிரச்சினை வந்துவிடுமோ என்று மருத்துவரிடம் சொல்லவில்லை.

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். ஒரு நிமிடம் போல நினைவு தப்பும் வலிப்பும், உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பும் ஆபத்தில் ஒன்றல்ல. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆயிரத்தில் ஒருவர் போல ஒவ்வொரு வருடமும், வேறு காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று இறந்துபோகிறார்கள். உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பு கட்டுப்படாதவர்களுக்கு, அதுவும் இரவில் அருகில் யாரும் இல்லாமல் வருபவர்களுக்கு, இந்த அபாயம் கூடுதல். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த இரண்டு இரவுகளைப் பற்றித் தெரியாமல் உங்கள் மருத்துவர் எடுக்கும் எந்த முடிவும் அரைத் தகவலில் எடுத்த முடிவாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் பள்ளிக்குத் தெரிவிப்பது மருத்துவரின் வேலையல்ல. வண்டி ஓட்டுவீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால் இன்றோடு நிறுத்துங்கள்.

வீட்டிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். இழுப்பு வந்தால் கணவர் உங்களை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சை. மூக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ விடக்கூடிய மிடசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இனி கருவிக்கு வருவோம்.

மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையின் செல்கள் மின்குறிப்புகளால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சாதாரண நேரத்தில் ஒவ்வொரு கூட்டமும் தன் வேலையைத் தன் தாளத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். வலிப்பின்போது ஒரு பகுதியிலுள்ள செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து துடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. அரங்கத்தில் ஆளாளுக்குத் தட்டிக்கொண்டிருக்கும் கைதட்டல், யாரும் சொல்லாமலே திடீரென்று ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதுதான். உங்கள் மாத்திரைகள் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக மட்டுப்படுத்தப் பார்க்கின்றன. லக்கோசமைடு செல்லின் சோடியம் வாயில்களில் வேலை செய்கிறது, க்ளோபசாம் காபா என்ற அடக்கும் ரசாயனத்துக்கு வலு சேர்க்கிறது. வேகஸ் தூண்டல் போகும் பாதை வேறு.

வேகஸ் என்பது மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பத்தாவது. கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை போகிறது. மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிலுள்ள இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு எதிர்த் திசையில், உடலின் செய்திகளை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மூளைக்குள் கம்பி எதையும் நுழைக்காமலே மூளையை எட்ட முடிவது இதனால்தான்.

அந்தச் செய்திகள் முதலில் இறங்கும் இடம், மூளைத்தண்டின் அடிப்பகுதியிலுள்ள நியூக்ளியஸ் டிராக்டஸ் சாலிடேரியஸ் என்ற செல்கூட்டம். அங்கிருந்து இரண்டு முக்கியமான மையங்களுக்குத் தகவல் போகிறது. ஒன்று லோகஸ் செருலியஸ்: மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் அனுப்பும் சின்னஞ்சிறு மையம். மற்றது செரோடோனின் அனுப்பும் ராஃபே மையம். இந்த இரண்டு ரசாயனங்களும் பரவும்போது மூளையின் மேலடுக்கான புறணியின் செல்கள் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்வது கடினமாகிறது என்பதுதான் இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். லோகஸ் செருலியஸைச் செயலிழக்க வைத்த எலிகளில் வேகஸ் தூண்டலுக்கு வலிப்பை அடக்கும் சக்தி குறைந்துபோனது 1998இல் காட்டப்பட்டது. அதே காலகட்டத்தில் நோயாளிகளுக்கு எடுத்த, மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெட் ஸ்கேன்களில், தூண்டலின்போது மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியில் ரத்த ஓட்டம் யாருக்கு அதிகம் கூடியதோ அவர்களுக்கே வலிப்பும் அதிகம் குறைந்திருந்தது. புறணிக்குப் போகும் செய்திகள் பெரும்பாலும் தலாமஸ் வழியாகத்தான் போகின்றன என்பதால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

பூனைகளின் வேகஸைத் தூண்டினால் மூளை அலைகள் மாறுகின்றன என்பது 1938லேயே பதிவான செய்தி. மனிதருக்கு முதல் கருவி பொருத்தியது 1988இல். ஐரோப்பா 1994லும் அமெரிக்கா 1997லும் இதை வலிப்புக்கு ஏற்றுக்கொண்டன. ஆகவே 'இன்னும் சோதனை நிலையில்தானே இருக்கிறது' என்று உங்கள் அம்மா கவலைப்படத் தேவையில்லை.

ஷாக் சிகிச்சையோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அது மயக்க மருந்து கொடுத்து, தலைவழியே மின்சாரம் செலுத்தி, வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பது. சில கடுமையான மனநோய்களுக்கு அது நல்ல சிகிச்சையும்கூட. இங்கே நடப்பது வேறு. இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் கைக்கடிகாரம் போன்ற ஒரு சிறு கருவி. அதிலிருந்து ஒரு கம்பி தோலுக்கடியிலேயே கழுத்துக்குப் போய், இடது வேகஸைச் சுருள் போலச் சுற்றிக்கொள்கிறது. வழக்கமாக 30 நொடி தூண்டல், 5 நிமிடம் ஓய்வு, இரவும் பகலும் இதே சுற்று. அந்த 30 நொடியிலும் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. நொடிக்கு இருபது முப்பது துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நொடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அளவு கால் மில்லி ஆம்பியரில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றப்பட்டு, பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்.

எவ்வளவு குறையும்?

இங்கேதான் உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "இதை வைத்தால் வலிப்பு நின்றுவிடும்" என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நிற்காது, குறையும். ஆரம்பகால ஆய்வுகளில் மூன்று மாதத்தில் வலிப்பின் எண்ணிக்கை சராசரியாகக் கால் பங்கு போலத்தான் குறைந்தது. மிகக் குறைந்த அளவில் தூண்டல் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் இது ஒரு ஆய்வில் 6 சதவீதம், இன்னொன்றில் 15 சதவீதம். ஆனால் இந்தச் சிகிச்சைக்கு ஒரு வினோதமான குணம் உண்டு: மாதங்கள் போகப் போகப் பலன் கூடுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்ததில், முதல் நான்கு மாதத்தில் 49 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. இரண்டிலிருந்து நான்கு வருடத்தில் அது 63 சதவீதம். வலிப்பே இல்லாமல் போனவர்கள் அப்போதும் 8 சதவீதம் போலத்தான். பதிவேட்டில் பலன் கண்டவர்களே அதிகம் தொடர்ந்திருப்பார்கள், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை, அதனால் இந்த எண்களைக் கொஞ்சம் தாராளமானவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பலன் மெதுவாகக் கூடுவதற்கு ஒரு விளக்கம் உண்டு. எலிகளில் பார்த்தபோது நார்அட்ரினலின் செல்களின் துடிப்பு முதலில் கூடியது. செரோடோனின் செல்கள் வேகமெடுக்க அதைவிட நாளாயிற்று. மனித மூளையிலும் இது மெதுவாக ஊறுகிற மாற்றம்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடுவது தவறு. ஒரு வருடமாவது பார்க்க வேண்டும், அதற்குள் அளவுகளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கருவியோடு கூடவே கொடுக்கும் காந்தம் எந்த வலிப்பையும் நிறுத்திவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ ஏறுகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதே, அந்த நொடியில் காந்தத்தைக் கருவியின் மேல் ஒருமுறை தடவி எடுத்தால் கூடுதலாக ஒரு தூண்டல் கிடைக்கும். சிலருக்கு வலிப்பு அங்கேயே அடங்கும், சிலருக்குச் சுருங்கும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. உங்களால் முடியாதபோது கணவரோ சக ஆசிரியரோ தடவலாம். புதிய கருவிகள் சில, வலிப்பு தொடங்கும்போது பலருக்கும் இதயத்துடிப்பு சட்டென்று ஏறுவதைக் கண்டுகொண்டு தாமாகவே தூண்டும். இரவில் வரும் வலிப்புகளை நினைத்தால் உங்களுக்கு அந்த வகையே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாத்திரையை விடலாமா என்றால், கூடாது. கருவி மாத்திரைக்குத் துணை. பலன் நன்றாகத் தெரிந்த பிறகு, மருத்துவர் பார்வையில் ஒன்றைக் குறைக்க முயலலாம். நீங்களாக நிறுத்தினால், முக்கியமாகக் க்ளோபசாமை, நிற்காமல் தொடரும் வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

குரல்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் இதை விவரமாகச் சொல்கிறேன். குரல்வளையை அசைக்கும் நரம்பு ஒரு சுற்றுவழியில் வருகிறது. வேகஸின் கூடவே கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இடது பக்கத்தில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. கருவியின் சுருள் கழுத்தில் சுற்றும் இடத்தில் அந்த இழைகளும் உள்ளே இருக்கின்றன. பருமனான இழைகள் என்பதால் குறைந்த மின்சாரத்துக்கே கிளர்ந்துவிடும். விளைவு, தூண்டல் நடக்கும் அந்த 30 நொடி குரல் கரகரக்கும், சிலருக்கு மெலியும், சிலருக்குத் தொண்டையில் குறுகுறுப்போ இருமலோ வரும். தூண்டல் நின்றதும் குரல் திரும்பிவிடும்.

உங்கள் வேலையில் இதன் பொருள் என்ன? 45 நிமிட வகுப்பில் எட்டு முறை போலக் குரல் அரை நிமிடத்துக்கு மாறும். மாணவர்கள் கவனிப்பார்கள். முதல் சில வாரங்கள் உங்களுக்குச் சங்கடமாகவும் இருக்கும். ஆனால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பின் நேரத்தை 500 மைக்ரோநொடியிலிருந்து 250க்குக் குறைத்தாலே பலருக்குக் கரகரப்பு குறையும். நொடிக்கு 30 துடிப்பை 20 ஆக்கலாம். மின்னளவை மெதுவாக ஏற்றினால் தொண்டை பழகிக்கொள்ளும், மாதங்கள் போகப் போகக் குறையும். ஆண்டு விழாவில் பேசுவது போன்ற முக்கியமான சமயத்தில் காந்தத்தைக் கருவியின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைத்தால், அது அங்கே இருக்கும்வரை தூண்டல் நின்றிருக்கும். எடுத்ததும் மறுபடி ஓடும். தினமும் வகுப்பு முழுக்க இப்படிச் செய்தால் சிகிச்சையையே பாதியாக்கிவிடுவீர்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

அறுவையின்போது நரம்பைக் கையாள்வதால் இடது குரல்நாண் தற்காலிகமாகச் செயலிழப்பதும் உண்டு. அரிது, பெரும்பாலும் வாரங்களில் மாதங்களில் சரியாகிவிடும், ஆனாலும் குரலை நம்பி வாழ்பவர் என்பதால் உங்களுக்கு இது பெரிய விஷயம். அறுவைக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைப் பரிசோதித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வலது குரல்நாணில் பலவீனம் இருந்தால் முடிவையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதயமும் மற்ற அபாயங்களும்

இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முனைக்கு வலது வேகஸின் தொடர்பே அதிகம். அதனால்தான் இடது நரம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுருளும் இதயக் கிளைகள் பிரிந்துபோன இடத்துக்குக் கீழேதான் சுற்றப்படுகிறது. அறுவை மேசையில் முதல்முறை சோதித்துப் பார்க்கும்போது மிக அரிதாகத் துடிப்பு மெலிவதுண்டு. மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தச் சோதனையைச் செய்வது அதற்காகத்தான். இதயத் துடிப்பில் உங்களுக்கு முன்பே கோளாறு இருந்தால் சொல்லிவிடுங்கள்.

அறுவை என்பது முழு மயக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். கழுத்தில் ஒரு சிறு வெட்டு, நெஞ்சில் ஒன்று. கருவியைப் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்தே ஓடவிடுவார்கள். நூற்றில் சிலருக்குப் புண்ணில் கிருமித்தொற்று வரலாம். கம்பி பின்னாளில் அறுந்துபோகலாம். பேட்டரி, அளவுகளைப் பொறுத்துச் சில வருடங்களில் தீரும், அப்போது நெஞ்சுப் பகுதியை மட்டும் திறந்து கருவியை மாற்றுவார்கள்.

குறட்டை விடுவீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருந்தால் இந்தத் தூண்டல் அதைக் கூட்டலாம், தூக்கம் கெட்டால் வலிப்பும் கூடும். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும், ஆனால் கருவியைப் பற்றி முன்பே சொல்லி, தூண்டலை நிறுத்தி, அந்த மாடலுக்குரிய விதிகளின்படிதான் எடுக்க வேண்டும். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கும் டயாதெர்மி வெப்ப சிகிச்சை மட்டும் எக்காலத்திலும் வேண்டாம். அது கம்பியைச் சூடாக்கி நரம்பைக் கருக்கிவிடக்கூடும்.

கருவிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மூளை அறுவைக்குப் பயந்து, அதற்கு மாற்றாக வி.என்.எஸ்.ஸைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. இவை இரண்டும் சமமான இரண்டு வழிகள் அல்ல. ஒன்று வலிப்பைக் குறைப்பதற்கானது. மற்றது, தகுதியுள்ளவர்களுக்கு, நிறுத்துவதற்கான வாய்ப்பு.

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் நிற்காத வலிப்பை 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்று 2010லிருந்து உலக அளவில் வரையறுத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுநாளாயிற்று. அடுத்தடுத்து மூன்றாவது, நான்காவது மருந்தில் முழுதாக நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் தெரிந்ததே. அந்தக் கட்டத்தில் முதல் கேள்வி, 'இந்த வலிப்பு ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறதா, அந்த இடத்தை எடுக்க முடியுமா?' என்பது. அதற்கு 'முடியாது' என்று பதில் வந்த பிறகுதான் வழக்கமாகத் தூண்டல் கருவிகளின் முறை.

உங்கள் விவரிப்பு எனக்கு ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, பயம், சப்புக்கொட்டுதல்: இவை மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் மடலின் உட்பகுதியிலிருந்து வரும் வலிப்புக்கு மிகவும் பழக்கமான அடையாளங்கள். வலது கை விறைத்து இடது கை திருகுவதும், பின்னால் பேச்சு வராமல் திணறுவதும் இடது பக்கத்தைக் காட்டலாம். உங்களை நேரில் பரிசோதிக்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, கடிதத்தை வைத்துச் சந்தேகப்படத்தான் முடியும். ஆனால் நல்ல சந்தேகம்.

கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெம்போரல் மடல் வலிப்பு உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். மேலே நான் சொன்ன எண்களோடு இதை வைத்துப் பாருங்கள்.

எட்டு வருடத்துக்கு முந்திய 'நார்மல்' ஸ்கேனை நம்பி இந்தக் கதவை மூடிவிட வேண்டாம். சாதாரண முறையில் எடுத்த ஸ்கேனில், ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி சுருங்கி இறுகியிருப்பது தவறிவிடலாம். வலிப்புக்கென்றே அமைந்த முறையில், காந்த சக்தி அதிகமுள்ள மூன்று டெஸ்லா இயந்திரத்தில் எடுத்து, வலிப்பு நோயில் பழகிய மருத்துவர் பார்த்தால் தெரியவரலாம். அதோடு சில நாள் மருத்துவமனையில் தங்கி எடுக்கும், மூளை அலைகளையும் உங்களையும் சேர்த்தே பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. அது வலிப்பு கிளம்பும் இடத்தைக் காட்டுவதோடு, இரவில் வந்தவை எந்த வகை என்பதையும் சொல்லிவிடும். தேவைப்பட்டால் பெட் ஸ்கேன், நினைவுத்திறன் பரிசோதனைகள்.

அறுவையிலும் அபாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இடது டெம்போரல் மடல் என்றால் சொற்களையும் பெயர்களையும் நினைவில் வைக்கும் திறன் குறையலாம். ஒரு ஆசிரியைக்கு அது குரலைவிடப் பெரிய இழப்பாகக்கூடத் தோன்றலாம். பார்வைப் புலத்தின் மேல் ஓரத்தில் கொஞ்சம் இழப்பு வரலாம். பரிசோதனைகளின் வேலையே இந்த அபாயம் உங்களுக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதுதான். பரிசோதனைக்குச் சம்மதித்தால் அறுவைக்குச் சம்மதித்ததாக ஆகாது. எல்லா முடிவுகளையும் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கு அறுவை வேண்டாம், வேகஸ் கருவியே போதும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்போது அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

வலிப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது, அல்லது எடுக்கவே முடியாத இடம் என்று தெரிந்தால், வேகஸ் தூண்டல் நல்ல தேர்வு. தலாமஸில் மின்முனை வைக்கும் ஆழ்மூளைத் தூண்டலும், வலிப்பு தொடங்கும் இடத்திலேயே அதைக் கண்டறிந்து தூண்டும் கருவியும்கூட இருக்கின்றன. அவற்றுக்கு மண்டை ஓட்டைத் துளைக்க வேண்டும். காதில் மாட்டிக்கொள்ளும் தூண்டல் கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காதுமடலிலும் வேகஸின் ஒரு கிளை இருப்பதால் யோசனை வீண் அல்ல, ஆனால் உங்களைப் போல மாதம் ஆறேழு முறை வலிப்பு வருபவர் அதை நம்பி மற்ற சிகிச்சையைத் தள்ளிப்போடும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

கோபமும் குழந்தையும்

"முன்பெல்லாம் இப்படிக் கோபப்பட மாட்டேன், நோய் என் குணத்தையே மாற்றிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதிலிருந்து என்று யோசித்துப் பாருங்கள். லெவிடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். அது ஆரம்பித்த பிறகுதான் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. வேகஸ் கருவி குணத்தை மாற்றிவிடுமோ என்ற பயத்துக்கும் இதே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். அது எதிர்ப்பக்கமாகவே சாய்கிறது. வலிப்புக்காக இதைப் பொருத்திய பலருக்கு மனநிலை தேறுவதைப் பார்த்துத்தான், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அமெரிக்காவில் 2005இல் அனுமதித்தார்கள்.

கருவி இருப்பது கர்ப்பத்துக்குத் தடையில்லை. பார்க்க வேண்டியது மாத்திரைகளைத்தான். கரு உருவாவதற்கு முன்பே மருந்துகளை மறுபரிசீலனை செய்யுங்கள், ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். கர்ப்பத்தில் லெவிடிராசெட்டத்தின் அளவு ரத்தத்தில் இறங்கும் என்பதால் இடையிடையே சோதிக்க வேண்டியிருக்கும். யாராவது புதிதாக வால்ப்ரோயேட் சேர்க்கச் சொன்னால், குழந்தை பெறும் எண்ணம் இருப்பதை உடனே தெரிவியுங்கள். அது கருவின் உறுப்புகளையும் பிறகு குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் அபாயம் மற்ற மருந்துகளைவிடக் கூடுதல்.

எடுத்துவிட முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: பிடிக்காவிட்டால் முதல் படியாக, வெளியிலிருந்தே மின்னளவைப் பூஜ்யமாக்கிவிடலாம். அதற்குச் சில நிமிடம் போதும், கத்தி தேவையில்லை. நெஞ்சிலுள்ள கருவியை எடுப்பதும் சிறிய அறுவைதான். நரம்பைச் சுற்றிய சுருள்தான் சிக்கல். நாளாக ஆகத் தழும்புத் திசு அதைப் பொதிந்துகொள்ளும், பிரித்தெடுக்கும்போது நரம்பு காயப்படலாம். அதனால் பல அறுவை நிபுணர்கள் கம்பியைச் சுருளுக்கு அருகில் வெட்டி, அந்தச் சிறு துண்டை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்தத் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று மாத வலிப்புக் குறிப்பை எழுதி எடுத்துப் போங்கள்: தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, எவ்வளவு நேரம், மாதவிடாய் நாட்களோடு சேர்கிறதா, முந்திய நாள் மாத்திரை தவறியதா. கணவரையும் அழைத்துப் போங்கள், ஏனென்றால் உங்கள் வலிப்பை முழுதாகப் பார்த்தவர் அவர்தான். ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு இரவுகளைச் சொல்லிவிட்டு, வீடியோ இ.இ.ஜி.யும் புது ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கருவியைப் பற்றி முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். அந்த வசதி அங்கே இல்லையென்றால், வலிப்பு அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித்தரச் சொல்லுங்கள். அறிக்கைகள் கிடைத்த பிறகு சந்தேகம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.